ஊர் வரலாறு: மியூசியமா, வகுப்பறையா, கோயில் சுவரா?

பள்ளியில் ஒரு நாள்தான் கொடுப்பார்கள், ஒரு பேருந்துக்குத்தான் பணம் சேரும். அதை வைத்துப் பிள்ளைகளை மியூசியத்துக்குக் கூட்டிப்போவதா, இல்லை அந்த நேரத்தை வகுப்பிலேயே உருப்படியாகச் செலவழிப்பதா? ஆசிரியர்கள் கேட்கிறார்கள், லீவு நாளில் பிள்ளையை எங்கே கூட்டிப்போவது என்று தெரியாத பெற்றோரும் கேட்கிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் பள்ளிகள் பெரிய மியூசியத்தைத் தேவைக்கு மேல் நம்புகின்றன, வகுப்பறையைத் தேவைக்குக் குறைவாக நம்புகின்றன, சொந்த ஊரைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டுப் பள்ளிகளையும் தமிழ்நாட்டு இடங்களையும் மனதில் வைத்து.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், இது உண்மையிலேயே உள்ளூரா என்பது. தமிழ்நாட்டு வரலாறு வேறு, உங்கள் ஊர் வரலாறு வேறு. திருநெல்வேலிப் பிள்ளைக்குச் சென்னை மியூசியத்தில் இருக்கும் ஆந்திரத்து அமராவதிச் சிற்பம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது அவள் ஊர்க் கதை கிடையாது.

இரண்டாவது, காலம் புரிகிறதா. சங்க காலம், பல்லவர், சோழர், நாயக்கர், வெள்ளைக்காரர் எல்லாரும் பிள்ளைகள் மனதில் 'அந்தக் காலம்' என்ற ஒரே மூட்டைக்குள் கிடப்பார்கள். அந்த மூட்டையை எது அவிழ்க்கிறது?

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: 'இது எப்படித் தெரியும்?' என்று பிள்ளை கேட்க இடம் இருக்கிறதா, அப்படிக் கேட்டால் பதில் கிடைக்குமா, அவளே எதையாவது கண்டுபிடிக்க வழி உண்டா.

அப்புறம் செலவு. டிக்கெட் காசு இதில் ஆகச் சிறியது. அனுமதிக் கடிதம், பயண நேரம், கழிப்பறை, வெயில், போன இடம் பூட்டியிருப்பது, ஆசிரியர் இரவு உட்கார்ந்து தயார் செய்யும் மணிக்கணக்கு, இதெல்லாம் சேர்ந்ததுதான் உண்மைச் செலவு.

## வகுப்பறை

வகுப்பறை என்றாலே போர் என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் வேறெங்கும் நடக்காத ஒரு வேலை வகுப்பில்தான் நடக்கும்: ஒரு சான்றை எடுத்துவைத்துக்கொண்டு அதனோடு மல்லுக்கட்டுவது.

கீழடியையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்காம் கட்ட அகழாய்வில் கிடைத்த கரித்துண்டுகள் வயதைக் கணிப்பதற்காக அமெரிக்காவின் புளோரிடாவில் இருக்கும் ஆய்வகத்துக்குப் போயின. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி கி.மு. 580 என்றும், 200 செ.மீ. ஆழத்தில் எடுத்தது கி.மு. 205 என்றும் முடிவு வந்ததாக 2019 செப்டம்பரில் மாநிலத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. மியூசியப் பலகையில் இது வெறும் எண், பிள்ளைகள் பார்த்துக்கொண்டே கடந்துவிடுவார்கள். வகுப்பில் கரும்பலகையில் எழுதுங்கள். 353 செ.மீ. என்றால் 11 அடிக்கு மேல், நாம் உட்கார்ந்திருக்கும் அறையின் கூரையைவிட உயரமாகக்கூட இருக்கலாம், அவ்வளவு ஆழக் குழி. இரண்டு மாதிரிக்கும் நடுவே 153 செ.மீ. மண், 375 ஆண்டுகள். அப்படியானால் 10 ஆண்டுக்கு எவ்வளவு மண் ஏறியிருக்கும்? கணக்குப் போடத் தெரிந்த எந்த ஏழாம் வகுப்புப் பிள்ளையும் 4 செ.மீ. சொச்சம் என்று சொல்லிவிடும். உடனே அடுத்த கேள்வி: மண் எல்லா வருடமும் ஒரே அளவுதான் ஏறுமா, வெள்ளம் வந்தால், வீடு இடிந்தால்? இந்த இடத்தில் வரலாறு ஆரம்பிக்கிறது. இதற்கு ஒரு பீரியட், ஒரு சாக்பீஸ் போதும்.

இன்னொன்று, மியூசியப் பலகை முடிவை மட்டும் சொல்லும், சண்டையைச் சொல்லாது. கீழடியின் முதல் இரண்டு கட்டங்களைத் தோண்டிய அமர்நாத் ராமகிருஷ்ணனின் அறிக்கையைத் திருத்திக் கொடுக்கச் சொல்லி 2025இல் இந்தியத் தொல்லியல் துறை கேட்டது, அவர் தன் காலக்கணிப்பு சரிதான் என்று மறுத்தார். இதை ஒன்பதாம் வகுப்பில் பேசலாம். எந்தப் பக்கம் சரி என்று முடிவுகட்ட வேண்டாம், ஒரு காலக்கணிப்பை எதை வைத்து ஒருவர் சந்தேகிக்கலாம், எதை வைத்து மற்றவர் தாங்கிப்பிடிக்கலாம் என்று பேசினாலே போதும்.

டெல்டா பக்கத்துப் பள்ளியாக இருந்தால் இதைவிட நல்ல விஷயம் ஒன்று இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் பணிக்கு வந்த ஆடல் பெண்களின், பட்டியல் அங்கேயே கல்வெட்டாக இருக்கிறது. எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (பக்கம்), எத்தனையாவது வீடு, பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து வந்தவள் என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு வரி, ஒவ்வொருத்திக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல். திருவாரூர், பழையாறை, நாகப்பட்டினம் என்று ஊர்ப்பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியில் இதன் பாடம் அச்சாகி ஒரு நூற்றாண்டு ஆகிவிட்டது, இணையத்திலும் கிடைக்கிறது. நாலு பக்கம் அச்செடுத்து 'உங்க ஊர் இருக்கான்னு தேடு' என்று கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றால் போதும். நேரே கோயிலுக்குப் போனாலும் அந்த வரிகளைப் பிள்ளைகளால் படிக்க முடியாது, எழுத்து அப்படி. உள்ளூர்ப் பெயரைப் பிள்ளை தானே கண்டுபிடிப்பது இந்த விஷயத்தில் வகுப்பில்தான் நடக்கும்.

சரி, மறைந்திருக்கும் செலவு? பாடநூல் மாநிலம் முழுமைக்கும் எழுதியது. ஆறாம் வகுப்பில் பண்டைய நகரங்கள் என்று பூம்புகார், மதுரை, காஞ்சி வருகின்றன. அந்த மூன்று ஊர்க்காரர்களும் அதிர்ஷ்டசாலிகள். மற்ற ஊர்களுக்கு ஆசிரியர்தான் தேடித் தயாரிக்க வேண்டும். தொல்லியல் துறை மாவட்டவாரியாக வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதிகளைப் புரட்ட வேண்டும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் துழாவ வேண்டும். இதற்கு யாரும் கூடுதல் சம்பளம் தருவதில்லை, பாடத்தை முடிக்கவில்லையென்றால் கேள்வி மட்டும் வரும். தயாரிப்பு இல்லாத ஊர் வரலாற்று வகுப்பு என்ன ஆகும் தெரியுமா? தலபுராணமும் வாட்ஸ்அப்பில் வந்ததும் ஒன்றாகக் குழைந்து வரலாறு என்ற பெயரில் ஓடும். அதற்குப் பாடநூலை வாசித்துவிட்டே போகலாம்.

## எழும்பூர் மாதிரிப் பெரிய மியூசியம்

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது, நாட்டின் பழைய அருங்காட்சியகங்களில் ஒன்று, செப்புத்திருமேனிக் கூடத்துக்கு ஈடு சொல்ல முடியாது. இதில் யாருக்கும் மறுப்பு இல்லை. படத்தில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கும், அது அளவு. பாடநூலில் காசும் கோபுரமும் ஒரே இரண்டு அங்குலப் படம்தான். நேரில் பார்த்தால்தான் சோழர் காசு எவ்வளவு பொடிசு என்றும், திருவாலங்காட்டு நடராசர் எவ்வளவு பெரியவர் என்றும் தெரியும்.

ஆனால் உள்ளூர் என்ற அளவுகோலை வைத்தால் கதை மாறுகிறது. தாமிரபரணிக் கரையில் பழங்கால இடுகாடு இருக்கும் ஆதிச்சநல்லூரைப் பாருங்கள். 1876இல் பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் தோண்டி எடுத்தவை ஜெர்மனிக்குப் போயின. அப்புறம் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலப் பொருள்களும் சென்னைக்கு வந்தன. அதாவது ஸ்ரீவைகுண்டத்துப் பிள்ளை தன் பக்கத்து ஊர்ப் பொருளைப் பார்க்க 600 கி.மீ. தாண்டி எழும்பூருக்கு வர வேண்டும். வந்தாலும் அந்தப் பொருளைச் சுற்றி மண் இல்லை, தாமிரபரணி இல்லை, பரம்பு மேடு இல்லை. ஒரு கண்ணாடிப் பெட்டியும் அதன்மேல் நாலு வரியும்தான்.

சென்னைப் பிள்ளைக்கு இதே மியூசியம் வேறு மாதிரி. 1863 மே மாதம் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல் கருவியைக் கண்டெடுத்தார், இந்தியத் தொல்பழங்கால ஆய்வே அங்கேதான் தொடங்கியது. அவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கருவிகளை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மியூசியமே வாங்கிக்கொண்டது. பல்லாவரத்திலோ குரோம்பேட்டையிலோ படிக்கிற பிள்ளைக்கு எழும்பூர்தான் உள்ளூர் மியூசியம், மின்சார ரயிலில் போய் வரலாம். அவர்கள் போகாமல் இருப்பதுதான் தப்பு.

மறைந்திருக்கும் செலவு நிறைய. வெள்ளிக்கிழமை விடுமுறை, வெளியூரிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வெள்ளிக்கிழமை காலையில் வந்து பூட்டிய கேட் முன்னால் நிற்கிற பேருந்துகள் கற்பனை இல்லை. கூடங்கள் 40க்கு மேல், ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று ஓட்டினால் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு பிள்ளைகள் பார்ப்பது முன்னால் போகிறவன் முதுகைத்தான். அதோடு திமிங்கிலத்தின் எலும்புக்கூடும் பாடம் செய்த விலங்குகளும் அதே வளாகத்தில் இருக்கின்றன. வீடு திரும்பியதும் என்ன பார்த்தாய் என்று கேளுங்கள், திமிங்கிலம் என்றுதான் வரும். அதில் குற்றம் இல்லை, ஆனால் வரலாற்றுக்காகக் கட்டிய பணம் அது.

போவதென்றால் இரண்டு கூடம், அதற்கு மேல் வேண்டாம். எந்த இரண்டு என்பதை வகுப்பிலேயே முடிவு செய்துவிட்டுப் போங்கள்.

## அகழ்வைப்பகமும் மாவட்ட மியூசியமும்

தோண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பதுதான் இவற்றின் பலம். கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச் 5 அன்று கொந்தகையில் திறக்கப்பட்டது, செட்டிநாட்டு வீட்டுப் பாணிக் கட்டடம், மதுரையிலிருந்து கிழக்கே 12 கி.மீ. அளவில்தான். ஆதிச்சநல்லூரிலும் அதே ஆண்டு ஒரு கள அருங்காட்சியகம் திறந்தார்கள், இறந்தவர்களைப் புதைத்த தாழிகளைத் தோண்டிய குழியிலேயே விட்டு மேலிருந்து கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். எழும்பூரில் பெட்டிக்குள் இருப்பதைவிட இது பிள்ளைகளை அதிகம் பேசவைக்கும், ஏனென்றால் ஆழம் கண்ணுக்குத் தெரிகிறது.

இவற்றோடு பெயர் அடிபடாத மாவட்ட மியூசியங்கள். புதுக்கோட்டையில் திருக்கோகர்ணத்தில் இருப்பது 1910இல் சமஸ்தான காலத்திலேயே தொடங்கியது. தருமபுரியில் நடுகற்கள் இருக்கின்றன, மாடு கவரும் சண்டையில் செத்தவனுக்கு நட்ட கல் என்று சொன்னால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஊர்ப்பெயர் உட்படப் புரியும். கூட்டம் இருக்காது, கல் முன்னால் உட்கார்ந்து வரையலாம், அதட்டி விரட்ட யாரும் வரமாட்டார்கள்.

ஒரு சின்ன வேலை கொடுங்கள்: பலகையில் பொருள் கிடைத்த இடம் எது என்பதை மட்டும் படித்து எழுதிக்கொண்டு வா. வீடு கட்டக் கடைக்கால் தோண்டும்போதோ வயலை உழும்போதோ கிடைத்தவை புதையல் சட்டத்தின் வழியாக மியூசியத்துக்கு வந்திருக்கும். அந்த ஊர்ப்பெயர்களை வகுப்புக்குத் திரும்பிவந்து மாவட்ட வரைபடத்தில் குறித்தால் ஆற்றங்கரையில் எவ்வளவு, மேட்டில் எவ்வளவு என்று தானே தெரியும்.

குறைகளும் உண்டு. சில இடங்களில் வெளிச்சம் போதாது, பலகை மங்கியிருக்கும், விளக்கிச் சொல்ல ஆள் கிடைப்பது அன்றைய அதிர்ஷ்டம். கீழடியில் நேர்மாறான பிரச்சினை, விடுமுறை நாளில் போனால் கூட்டம் தள்ளும். சின்ன மியூசியம் முக்கால் மணி நேரத்தில் முடிந்தும்விடும், அதற்காக மட்டும் பேருந்து பிடித்தால் தலைமையாசிரியர் முறைப்பார். ஆகவே ஜோடி சேருங்கள். கீழடியில் பானை ஓட்டில் கீறிய தமிழி (தமிழ்-பிராமி) எழுத்தைக் காலையில் பார்த்துவிட்டு, பெரிய பிள்ளைகளாக இருந்தால் மாங்குளம் மலையேறி அதே எழுத்தைப் பாறையில் பார்க்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு மலை வேண்டாம், திருமலை நாயக்கர் மகால் போதும்.

## ஊருக்குள்ளேயே

பேருந்தே வேண்டாம். ஊர்க் கோயில் சுவர், ஏரிக்கரைத் தூம்பு, முச்சந்தியில் சாய்ந்து நிற்கும் கல், வெள்ளைக்காரர் காலத்துப் பாலம், பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு. கண்டுபிடிப்பு என்ற அளவுகோலில் இதை எதுவும் தொட முடியாது. இராமநாதபுரம் பக்கத்து அரசுப் பள்ளிகள் சிலவற்றில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் வைத்து மாணவர்களே ஊர் ஊராகத் தேடுகிறார்கள், பானை ஓடும் பழைய காசும் பாடநூல் படமாக இல்லாமல் கண்முன் வருகின்றன.

உத்திரமேரூர்க்காரர்களை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமை. ஊர்ச் சபைக்கு ஓலைச் சீட்டுப் போட்டு ஆள் எடுத்த குடவோலை முறையைத் தமிழ்நாடே இரண்டு மதிப்பெண் வினாவாகப் படிக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அவர்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. வயது 35 முதல் 70, கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது. அந்தச் சுவர் முன்னால் நின்று, இந்தச் சட்டப்படி நம் தெருவில் யார் நிற்க முடியும், யாரால் முடியாது என்று பிள்ளைகளைக் கேட்டுப்பாருங்கள்.

இந்த இடத்தில்தான் கவனமும் அதிகம் வேண்டும். ஊர் வரலாறு என்றால் யாருடைய ஊர் என்ற கேள்வி உடனே வரும். நடுகல்லில் இருப்பவன் எங்கள் சாதி என்று இரண்டு தரப்பு சொல்லும், குளத்தை வெட்டியவர் யார் என்பதில் பழைய பகை இருக்கும், ஒரு தெருவுக்குள் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி நுழைய முடியாத ஊர்களும் இருக்கின்றன. முன்கூட்டி யோசிக்காமல் 'பெரியவர்களிடம் கேட்டு வா' என்று அனுப்பினால் பிள்ளைதான் மாட்டிக்கொள்ளும். எந்தப் பெரியவர், எந்தத் தெரு என்பதை ஆசிரியரே முன்பே போய்ப் பேசி வைக்க வேண்டும்.

மற்றவை: கல்வெட்டின்மேல் மாவு, எண்ணெய், சாக்பீஸ் எதையும் பூச விடாதீர்கள், சாய்வெளிச்சத்தில் போட்டோ எடுத்தாலே எழுத்து தெரியும். கும்பிடும் கல்லாக இருந்தால் பூசாரியிடம் கேட்டுவிட்டுத் தொடவேண்டும். மண்ணில் கிடைத்த எதையும் பையில் போட்டுக்கொண்டு வரக் கூடாது, 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ளதை ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். அப்புறம், காலம் சொல்ல முடியாது. அந்தக் கல் 9ஆம் நூற்றாண்டா 17ஆம் நூற்றாண்டா என்பது தெரிந்தவர் ஒருவர் பார்த்தால்தான் தெரியும். அதுவரை 'ஆயிரம் வருஷத்துக் கல்' என்று எழுதி ஒட்டாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | உள்ளூரா? | காலம் புரியுமா? | தானே கண்டுபிடிக்க | தெரியாமல் வரும் செலவு |
|---|---|---|---|---|
| வகுப்பறை | ஆசிரியர் தயாரித்தால் மட்டும் | நன்றாக | சான்று கையில் இருந்தால் | ஆசிரியரின் இரவுகள் |
| பெரிய மியூசியம் | சென்னைக்கு ஆம், மற்றவர்க்குப் பெரும்பாலும் இல்லை | கலங்கும் | குறைவு | தூரம், களைப்பு, வெள்ளிக்கிழமை |
| அகழ்வைப்பகம், மாவட்ட மியூசியம் | ஆம் | ஓரளவு | ஓரளவு | சீக்கிரம் முடிந்துவிடும் |
| ஊருக்குள் | முழுக்க | தனியாக முடியாது | மிக அதிகம் | அனுமதி, ஊர் அரசியல் |

## யாருக்கு எது

மூன்றாம், நான்காம் வகுப்பு என்றால் மியூசியப் பயணத்துக்கே அவசரம் இல்லை, ஊருக்குள் ஒரு நடை போதும். நூற்றாண்டு என்பது அந்த வயதில் ஏறாது. தாத்தா பள்ளிக்கு எப்படிப் போனார் என்பது ஏறும்.

ஆறு முதல் எட்டு வரை, ஒரே ஒரு பேருந்துக்குப் பணம் இருக்கிறது என்றால் மாவட்ட மியூசியமோ அகழ்வைப்பகமோதான். முந்தின வாரம் இரண்டு பீரியட், திரும்பிவந்து ஒரு பீரியட் கட்டாயம். அந்த மூன்று பீரியட் கிடைக்காது என்றால் பேருந்தை ரத்து செய்துவிட்டு, கிடைக்கிற நேரத்தில் கல்வெட்டுப் பாடத்தை வகுப்பில் படியுங்கள். தயாரிப்பில்லாத பயணத்தைவிட நல்ல வகுப்பு மேல் என்று அடித்துச் சொல்வேன்.

ஒன்பது, பத்து, பதினொன்று என்றால் வகுப்பறையும் ஊரும். இந்த வயதில் ஆதாரத்தை எடைபோடத் தெரியும், காலக்கணிப்புச் சண்டைகளைத் தாங்குவார்கள். பத்தாம் வகுப்பில் பரிட்சைக்கு நடுவே இதெல்லாம் முடியுமா என்றால், ஜூன், ஜூலையில் முடியும், அதற்குப் பிறகு முடியாது.

பெரிய மியூசியத்தைப் பெற்றோருக்கு விடுகிறேன். ஒரு பிள்ளை, ஒரு பெரியவர், அவசரமில்லாத சனிக்கிழமை, ஒரே ஒரு கூடம்: 60 பேரோடு போகும்போது கிடைக்காதது அப்போது கிடைக்கும். சென்னைக்குக் கல்யாணத்துக்கு வந்த வெளியூர்க்காரர்களும் அரை நாள் ஒதுக்கலாம்.

இந்தியத் தொல்லியல் துறை பராமரிக்கும் நினைவுச் சின்னங்களில் 15 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் கிடையாது. உலகப் பாரம்பரிய நாளான ஏப்ரல் 18 அன்றும், பாரம்பரிய வாரம் தொடங்கும் நவம்பர் 19 அன்றும் பெரியவர்களுக்கும் இலவசமாக விடுவது வழக்கம். ஏப்ரல் வெயிலுக்கும் பரிட்சைக்கும் நவம்பர் மழை எவ்வளவோ மேல், குடை எடுத்துக்கொண்டால் சரி.